சங்கமன்கண்டிக்கு நேரே எரிந்த கப்பலும் ஒரு துளி சோப்பும்

2020 செப்டம்பர் 3, வியாழக்கிழமை. அன்று காலை எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே படம்தான் சுற்றிக்கொண்டிருந்தது. நீலக் கடல், நடுவே ஒரு பெரிய கப்பல், அதன் பின்பக்கத்திலிருந்து கரும்புகை. "எங்கட கடலா இது?" என்று கேட்டவர்களே அதிகம். எங்கட கடல்தான். அக்கரைப்பற்றுக்கும் பொத்துவிலுக்கும் இடையே, தீவின் கிழக்கு முனையான சங்கமன்கண்டிக்கு நேரே, கரையிலிருந்து 38 கடல்மைல் தூரத்தில், எம்.டி. நியூ டயமண்ட் என்ற எண்ணெய்க் கப்பல் எரிந்துகொண்டிருந்தது.

அடுத்த ஒரு வாரம் நாங்கள் எல்லோரும் கப்பல் நிபுணர்கள். யார் அணைக்கிறார்கள், எந்த நாட்டுக் கப்பல் வந்தது, தீ பிடித்த இடத்துக்கும் எண்ணெய்த் தாங்கிக்கும் எவ்வளவு தூரம் என்று விவாதித்தோம். பிறகு தீ அணைந்தது, கப்பலை இழுத்துக்கொண்டு போனார்கள், நாங்களும் மறந்துபோனோம்.

மறக்காமல் தங்கியது ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்டது எங்களில் ஒருவரின் மாமா. சாய்ந்தமருதுக் கரையில் முப்பது வருசமாகக் கரைவலை இழுப்பவர். கடலில் டீசல் படலம் தெரிகிறது, விமானம் வந்து மருந்து தெளித்துவிட்டது என்று செய்தியை வாசித்துக் காட்டினோம். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்: "பிளேன் வந்து மருந்தடிச்சா எண்ணெய் எங்க மனே போகும்?"

எங்களிடம் பதில் இல்லை. "கரைஞ்சிடும் மாமா" என்று சொல்லிச் சமாளித்தோம். அது முழுப் பதில் அல்ல என்பது இந்தக் கட்டுரைக்காகத் தேடிப் படித்தபோதுதான் எங்களுக்கு விளங்கியது. இது அவருக்கு நாங்கள் தாமதமாகச் சொல்லும் பதில்.

அன்று எங்கள் கடலில் இருந்தது என்ன?

முதலில் கணக்கைப் பார்ப்போம். நியூ டயமண்ட் சுமார் 330 மீற்றர் நீளமான கப்பல். பனாமாக் கொடி, கிரேக்க நிர்வாகம். குவைத்தின் மீனா அல் அஹ்மதி துறைமுகத்தில் சுமார் 2 இலட்சத்து 70 ஆயிரம் தொன் மசகு எண்ணெயை ஏற்றிக்கொண்டு, இந்தியாவின் ஒடிசா மாநிலத்திலுள்ள பாரதீப் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. சரக்கு இந்தியன் ஓயில் நிறுவனத்துக்கு உரியது. கப்பலின் சொந்தத் தேவைக்கென்று சுமார் 1,700 தொன் எரிபொருள் தனியாக இருந்தது.

கப்பலில் 23 பேர். 18 பேர் பிலிப்பைன்ஸ்காரர், 5 பேர் கிரேக்கர். இயந்திர அறையில் கொதிகலன் வெடித்ததில் ஒரு பிலிப்பைன்ஸ் தொழிலாளி இறந்துபோனார். காயப்பட்ட பொறியியலாளர் ஒருவரைக் கல்முனை வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தார்கள். எங்கோ தூரத்துக் கடலில் நடந்த விபத்து என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தபோது, அதில் பிழைத்த மனிதர் எங்கள் ஊர்க் கட்டிலில் கிடந்தார்.

இலங்கைக் கடற்படையும் விமானப்படையும் இந்தியக் கரையோரக் காவல் படையும் சேர்ந்து தீயோடு மல்லுக்கட்டின. 6ஆம் திகதி அடங்கிய தீ 7ஆம் திகதி மறுபடி எழுந்தது. 9ஆம் திகதிதான் அணைந்தது. இதற்கிடையில் 8ஆம் திகதியளவில் கப்பலருகே சுமார் 2 கிலோமீற்றர் நீளத்துக்கு டீசல் படலம் தெரிந்தது. இந்தியக் கரையோரக் காவல் படையின் டோர்னியர் விமானம் அதன்மேல் சிதறடிக்கும் மருந்தைத் தெளித்தது. மாமா கேட்டது இந்த மருந்தைப் பற்றித்தான்.

மசகு எண்ணெய் இருந்த தாங்கிகள் உடையவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று ஊரே சொன்னது. உடைந்திருந்தால்? 1989இல் அலாஸ்காவை நாசமாக்கிய எக்ஸன் வல்டீஸ் கப்பலிலிருந்து கசிந்தது சுமார் 37,000 தொன். நியூ டயமண்டில் இருந்தது அதைப்போல ஏழு மடங்கு.

சோற்றுப் பீங்கானில் ஒரு பாடம்

எண்ணெய் ஏன் தண்ணீர்மேல் பரவுகிறது? இதற்கு ஆய்வுகூடம் வேண்டாம், குசினி போதும். ஒரு பீங்கானில் தண்ணீர் ஊற்றி, மேலே கொஞ்சம் மிளகுத்தூள் தூவுங்க. இப்போது விரல் நுனியில் பாத்திரம் கழுவும் சோப்பைத் தொட்டு நடுவில் வையுங்க. மிளகுத்தூள் பயந்து ஓடுகிற மாதிரி விளிம்புக்கு ஓடும்.

சோப்பு தூளைத் தள்ளுகிறது என்று தோன்றும். உண்மையில் நடப்பது வேறு. தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய துணி மாதிரி. எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இழுபடுவதால் அது அசையாமல் நிற்கிறது. உயர்தரப் பௌதிகவியலில் படித்த பரப்பிழுவை இதுதான். சோப்புப் பட்ட இடத்தில் இழுவை குறைகிறது. அப்போது வெளிப்பக்கத் தண்ணீரின் கை ஓங்குகிறது. கயிறிழுத்தலில் நடுவில் நிற்கிறவன் பிடியை விட்டால் மற்றவர்கள் பின்னால் போய் விழுவார்களே, அப்படி.

எண்ணெய்க்கும் இதே கயிறிழுத்தல்தான். சுத்தமான தண்ணீரின் பரப்பிழுவை மீற்றருக்கு சுமார் 72 மில்லிநியூற்றன். மசகு எண்ணெயின் இழுவையையும், எண்ணெயும் தண்ணீரும் தொடும் இடத்தின் இழுவையையும் கூட்டினால் பொதுவாக 50 அல்லது 55 வரும். ஒரு பக்கம் 72, மறுபக்கம் 55. தண்ணீர் வெல்கிறது, எண்ணெயை இழுத்து விரிக்கிறது. அதனால்தான் மழை பெய்த பிறகு பஸ் நிலையத்துக் குட்டையில் ஒரு துளி டீசல் வானவில் காட்டுகிறது. அந்த வானவில்லின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான், சில இடங்களில் அதைவிடவும் குறைவு. படகுக்கு எண்ணெய் ஊற்றும்போது ஒரு லீற்றர் சிந்தினால், அது மூவாயிரம் சதுர மீற்றருக்கு மேல் இப்படிப் பரவலாம்.

ஆக, எண்ணெய்க் கசிவின் முதல் பிரச்சினை அது பரவும் வேகம். நேற்று ஒரு இடத்தில் இருந்த எண்ணெய் இன்று பத்து இடத்தில் இருக்கும், எல்லா இடத்திலும் மெல்லிசாக. மெல்லிசான எண்ணெயை அள்ளவும் ஏலாது, எரிக்கவும் ஏலாது.

ஒரு தேக்கரண்டியும் ஒரு குசினிப் பெண்ணும்

இந்த விளையாட்டை முதலில் கவனமாக எழுதிவைத்தவர்களில் ஒருவர் பெஞ்சமின் பிராங்கிளின். 1757இல் அவர் ஒரு கப்பல் கூட்டத்தோடு பயணம் போகும்போது, இரண்டு கப்பல்களுக்குப் பின்னால் மட்டும் கடல் வழவழப்பாக இருந்ததைக் கண்டார். காரணம் கேட்டார். சமையற்காரர்கள் எண்ணெய்ப் பிசுக்குத் தண்ணீரைக் கொட்டியிருப்பார்கள், இது கூடத் தெரியாதா என்ற தொனியில் கப்டன் சொன்னார். படித்தவருக்குப் புதுமையாக இருந்தது கடலோடிக்குப் பழகிப்போன விசயம்.

பிராங்கிளின் அதை விடவில்லை. லண்டன் பக்கத்தில் கிளப்ஹம் என்ற இடத்துக் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றிப் பார்த்தார். அரை ஏக்கர் அளவுக்கு அலை அடங்கிக் கண்ணாடி மாதிரி ஆனது. 1774இல் இது ரோயல் சொசைட்டியின் சஞ்சிகையில் வெளிவந்தது. ஐந்து மில்லிலீற்றரை அரை ஏக்கருக்குப் பிரித்துப் பாருங்க. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் துண்டாக்கினால் அதில் இரண்டு மூன்று துண்டின் தடிப்பு வரும். கிட்டத்தட்ட மூலக்கூறின் அளவு. பிராங்கிளின் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

அந்தப் பக்கம் போனவர் அக்னஸ் பொக்கெல்ஸ் என்ற ஜெர்மன் பெண். அந்தக் காலத்தில் அங்கே பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கமாட்டார்கள். அவர் வீட்டில் இருந்து, நோயாளிகளான பெற்றோரைப் பார்த்துக்கொண்டு, குசினியில் பாத்திரம் கழுவும் தண்ணீரைக் கவனித்தார். தகரத் தொட்டி ஒன்றைத் தானே அமைத்து, எண்ணெய்ப் படலத்தைத் தகரத் துண்டால் ஒதுக்கி ஒதுக்கி, எந்த அளவில் இழுவை மாறுகிறது என்று அளந்தார். 1891இல் அவர் ஆங்கிலேய விஞ்ஞானி ரேலி பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். ரேலி அதை நேச்சர் சஞ்சிகைக்கு அனுப்பி வெளியிட வைத்தார். பின்னர் இதே வழியில் வேலை செய்த இர்விங் லாங்மியூருக்கு 1932இல் நோபல் பரிசு கிடைத்தது. பொக்கெல்ஸுக்குக் கிடைக்கவில்லை.

கடலோடிக்கும் சமையற்காரருக்கும் வீட்டுப் பெண்ணுக்கும் முன்னமே கையில் இருந்த அறிவு இது. நமது மீனவருக்கும் தெரியும். படலம் விரிந்த இடத்தில் சின்ன அலை அடங்கிப்போவதைப் பார்த்தே "எண்ணெய் கிடக்கு" என்று தூரத்தில் இருந்து சொல்லிவிடுவார்கள்.

அதே துறைமுகம், 53 வருசத்துக்கு முன்

1967 மார்ச் 18. டொரி கன்யன் என்ற கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில், கோர்ன்வால் கரைக்கு அப்பால், செவன் ஸ்டோன்ஸ் என்ற பாறைத் தொடரில் மோதியது. அதில் சுமார் 1 இலட்சத்து 19 ஆயிரம் தொன் மசகு எண்ணெய் இருந்தது. அது ஏற்றப்பட்ட இடம் குவைத்தின் மீனா அல் அஹ்மதி. நியூ டயமண்ட் புறப்பட்ட அதே துறைமுகம்.

அவ்வளவு பெரிய கசிவை உலகம் அதற்கு முன் கண்டதில்லை. என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. விமானப்படையை அனுப்பிக் கப்பல்மேல் குண்டு போட்டு எரிக்கப் பார்த்தார்கள். இன்னொரு பக்கம், சோப்பு எண்ணெயைப் போக்கும் என்ற குசினி அறிவை அப்படியே கடலுக்குக் கொண்டுபோனார்கள். சுமார் 10,000 தொன் துப்புரவு இரசாயனத்தைக் கடலிலும் கரையிலும் கொட்டினார்கள்.

பிரச்சினை என்னவென்றால், அவை கப்பல் இயந்திர அறைகளைக் கழுவுவதற்காகச் செய்யப்பட்டவை. அவற்றில் கலந்திருந்த கரைப்பான்கள் உயிருக்கு நஞ்சு. மருந்து அடித்த பாறைகளில் பாசியைத் தின்று வாழும் சிப்பி இனங்கள் செத்து விழுந்தன. தின்ன ஆள் இல்லாததால் பாறை முழுக்கப் பச்சைப் பாசி மூடியது. பிளிமத் நகரின் கடல் உயிரியல் ஆய்வாளர்கள் பல வருசம் அந்தக் கரைகளுக்குப் போய்ப் போய்ப் பார்த்தார்கள். மருந்து படாமல் எண்ணெய் மட்டும் பட்ட கரை இரண்டு மூன்று வருசத்தில் தேறிவிட்டது. மருந்து அதிகமாகப் பட்ட கரை பழைய நிலைக்கு வரப் பத்து வருசத்துக்கு மேல் எடுத்தது.

எண்ணெயைவிட வைத்தியம் கூடுதலாகக் கொன்றது. உலகம் பெரிய விலை கொடுத்து வாங்கிய பாடம் இது.

மருந்து உண்மையில் என்ன செய்கிறது?

அதற்குப் பிறகு வந்த சிதறடிப்பான்கள் நச்சு குறைந்தவை. 1967ஐக் காட்டி 2020ஐத் திட்டுவது நியாயம் இல்லை. ஆனால் வேலை செய்யும் விதம் ஒன்றுதான்.

சிதறடிப்பானின் மூலக்கூறுக்குத் தலையும் வாலும் உண்டு. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். அது இரண்டுக்கும் நடுவில் போய் உட்காரும்போது எண்ணெயும் தண்ணீரும் தொடும் இடத்தின் இழுவை அடியோடு இறங்கிவிடும். அப்புறம் அலை ஒன்று அடித்தால் போதும். படலம் உடைந்து கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் துளியாகித் தண்ணீருக்குள் இறங்கும். இறைச்சிக் கறிப் பீங்கானைச் சோப்புப் போட்டுக் கழுவும்போது தண்ணீர் பால் மாதிரி கலங்குமே, அதுதான்.

மாமா, எண்ணெய் எங்கும் போகவில்லை. மேலே இருந்தது கீழே போனது.

இதில் நன்மை இருக்கிறது. மேலே கிடந்தால் அது கரைக்கு வரும், பறவையின் இறகில் ஒட்டும், களப்புக்குள் புகும். சின்னத் துளியானால் எண்ணெய் தின்னும் நுண்ணுயிர்கள் அதைச் சீக்கிரம் தின்ன முடியும். ஆழமான, திறந்த கடலில் துளிகள் பிரிந்து ஐதாகிவிடும். 38 கடல்மைலுக்கு அப்பால் டீசல் படலத்துக்கு மருந்து தெளித்தது இந்தக் கணக்கில்தான்.

தீமையும் இருக்கிறது. மேலே மிதந்த எண்ணெயைச் சந்திக்காத மீன் முட்டையும் குஞ்சும் இறாலும் இப்போது அதைச் சந்திக்கும். ஆழமில்லாத இடத்தில், களப்பில், பவளப்பாறைமேல் இதைத் தெளித்தால் ஐதாக இடமே இல்லை. 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வோட்டர் ஹொரைசன் கிணறு வெடித்தபோது சுமார் 70 இலட்சம் லீற்றர் சிதறடிப்பான் பயன்பட்டது. அது நல்லதா கெட்டதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

ஆக, சிதறடிப்பான் என்பது சுத்தம் செய்வது அல்ல. பாதிப்பைக் கரையிலிருந்து கடலுக்குள் மாற்றுவது. பறவைக்கு வரவேண்டியதை மீனுக்கு மாற்றுவது. சில நேரம் அந்த மாற்றம் சரியாக இருக்கும், சில நேரம் பிழையாகும். ஆனால் அது ஒரு தீர்ப்பு. தீர்ப்பு என்றால் யார் சொல்வது என்ற கேள்வி வரும்.

பட்டி மாடும் எண்ணெயும்

எண்ணெயைச் சிதறடிக்காமல் ஒன்றுசேர்க்க இதே பரப்பிழுவையைப் பயன்படுத்த முடியாதா? முடியும். இதுதான் எங்களை ஆச்சரியப்படுத்தியது.

1960களிலும் 70களிலும் அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தில் வில்லியம் கெரட் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் இதைச் செய்து பார்த்தார்கள். பீங்கானில் மிளகுத்தூளுக்கு நடந்ததைத் திருப்பிப் போடுங்க. சோப்பை நடுவில் வைக்காமல் எண்ணெயைச் சுற்றி வெளிப்பக்கத் தண்ணீரில் வைத்தால்? வெளித் தண்ணீரின் 72 முப்பதுக்கும் கீழே இறங்கும். எண்ணெய்ப் பக்கத்து 55 இப்போது பெரிசு. கயிறிழுத்தலில் எண்ணெய் வெல்லும். விரிந்த படலம் தானாகச் சுருங்கித் தடிக்கும்.

ஆங்கிலத்தில் இதற்கு மாடு மேய்ப்பவனின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கும் அதே காட்சிதான் வந்தது. சிதறி மேயும் மாடுகளைச் சுற்றி வளைத்துப் பட்டிக்குள் கொண்டுவருவார்களே, அதுபோல. ஆகையால் நாங்கள் இதை எண்ணெய் மேய்ப்பான் என்று சொல்லிக்கொள்கிறோம்.

இதற்குத் தேவையான அளவைக் கேட்டால் நம்பமாட்டீர்கள். ஒரு சதுர மீற்றர் தண்ணீருக்கு சுமார் 150 மில்லிகிராம். எண்ணெய் முழுவதுக்கும் ஊற்றத் தேவையில்லை, சுற்றிவர விளிம்பில் மட்டும் போதும். மெல்லிய படலம் சில மில்லிமீற்றர் தடிப்புக்கு வந்தால் அதை அள்ளலாம், அல்லது பற்றவைத்து எரிக்கலாம். 2012இல் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் இப்படியான இரண்டு பொருட்களைத் தன் பட்டியலில் சேர்த்தது. அதில் ஒன்றின் முக்கியக் கூறு சோர்பிட்டன் மொனோலோரேட். அதன் ஒரு பாதியான லோரிக் அமிலம் எங்கட தேங்காயெண்ணெயில்தான் அதிகமாக இருக்கிறது.

இதற்கும் எல்லை உண்டு. கடல் அமைதியாக இருக்கவேண்டும். அலை உடைந்து நுரைக்கத் தொடங்கினால் ஒரு மூலக்கூறுத் தடிப்புள்ள அந்த வேலி கிழிந்துபோகும். அமைதியான கடலிலும் ஒரு மணித்தியாலம் அளவில்தான் நிற்கும். சுருங்கிய எண்ணெயை அதற்குள் எடுக்க வேண்டும். எரித்தால் புகை வரும், அடியில் தார் மாதிரி மிச்சம் இருக்கும். செலவில்லாத வைத்தியம் ஒன்றுமில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே நேரம். எண்ணெய் கடலில் கிடக்கக் கிடக்க இலேசான பகுதி ஆவியாகிப்போகும். மிஞ்சியது தண்ணீரை உறிஞ்சி, மூன்று நான்கு மடங்கு பருத்து, சொக்லட் களி மாதிரி ஆகும். அதற்கப்புறம் சிதறடிப்பானும் ஏறாது, மேய்ப்பானும் ஏறாது. 2017 ஜனவரி 28இல் சென்னைக்கு வடக்கே எண்ணூரில் இரண்டு கப்பல்கள் மோதிக் கனத்த எரியெண்ணெய் கசிந்தபோது என்ன நடந்தது என்று நாங்கள் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். மீனவரும் மாணவரும் வாளியால் அள்ளினார்கள். இரசாயனம் கைவிட்ட இடத்தில் கடைசியில் மிஞ்சியது வாளியும் கையும்.

கச்சானும் வாடையும்

மறுபடி எங்கள் கரைக்கு வருவோம். நியூ டயமண்ட் எரிந்தது செப்டம்பரில். கச்சான் காலம் முடியாத நேரம். கச்சான் தரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்று. அந்தக் காலத்தில் எங்கள் கடல் படுத்துக்கிடக்கும், கரைவலைக்கும் அதுதான் காலம். மேய்ப்பான் வேலை செய்யக்கூடியதும் அப்படியான கடலில்தான். ஆனாலும் நீரோட்டத்தை நம்ப ஏலாது. எரிந்த கப்பலே ஒரு கட்டத்தில் கரைப்பக்கம் நகர்ந்து, பிறகு அதை ஆழ்கடலுக்கு இழுத்துப்போக வேண்டியிருந்தது.

இதே விபத்து டிசம்பரில் நடந்திருந்தால்? வாடைக் காற்று நேராகக் கரைக்கு அடிக்கும். எண்ணெய்ப் படலம் காற்றின் வேகத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு வேகத்தில் நகரும் என்பது பொதுக்கணக்கு. 15 நொட் காற்று அடித்தால் மணிக்கு அரைக் கடல்மைலுக்குக் கொஞ்சம் குறைவு. 38 கடல்மைலைத் தாண்ட மூன்றரை நாள். அந்த நேரம் மழை வெள்ளத்தால் களப்புகளின் முகத்துவாரங்கள் வெட்டித் திறந்து கிடக்கும். அலை பெரிசு, மேய்ப்பான் நிற்காது. சிதறடிப்பானுக்கு அலை உதவும், ஆனால் கரை நெருங்க நெருங்க அதைத் தெளிக்கவும் கூடாது.

மூன்றரை நாளுக்குள் யார் கூடி, எதைத் தெளிப்பது, எங்கே தெளிக்கக் கூடாது, எந்த முகத்துவாரத்தை முதலில் மறிப்பது என்று முடிவெடுப்பார்கள்? 2004 டிசம்பர் 26 காலை இந்தக் கரைக்குச் சொல்லித்தர யாருமே இருக்கவில்லை. மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் வீட்டுக்கொரு கதை இருக்கிறது. சுனாமிக்கு நேரம் இல்லை. எண்ணெய்க்கு மூன்றரை நாள் இருக்கும். அந்த மூன்றரை நாளை என்ன செய்கிறோம் என்பதுதான் எங்களுக்கு முன்னால் உள்ள கேள்வி.

நாட்டில் சட்டம் இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசுத் தடுப்புச் சட்டம். அதன்கீழ் இயங்கும் கடல்சார் சுற்றாடல் பாதுகாப்பு அதிகார சபை இருக்கிறது. எண்ணெய்க் கசிவுக்கான தேசிய அவசரத் திட்டமும் இருக்கிறது. நியூ டயமண்ட் விவகாரத்தில் தீயணைப்புச் செலவாக இலங்கை 34 கோடி ரூபா கேட்டது. கப்பலின் கப்டனுக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் 1 கோடியே 20 இலட்சம் ரூபா தண்டம் விதித்தது. பணக் கணக்கு ஒரு பக்கம் நடந்தது.

ஆனால் மாமாவின் கேள்வி பணத்தைப் பற்றியது இல்லை. ஆகவே நாங்கள் அதைச் சில கேள்விகளாகப் பிரித்துப் பார்த்தோம். அவசரத் திட்டத்தைத் தமிழில் வாசித்தவர் எங்கள் கரையில் எத்தனை பேர்? எந்தச் சிதறடிப்பான்களுக்கு அனுமதி, கரையிலிருந்து எவ்வளவு தூரத்துக்கு அப்பால், எவ்வளவு ஆழத்துக்கு மேல்? கோமாரிக் களப்பும் அறுகம் குடாவும் தெளிக்கக் கூடாத இடங்களாக வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கின்றனவா? கூட்டம் கூடும்போது மீனவர் சங்கத்துக்கு ஒரு கதிரை இருக்குமா? செய்தி பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்கும் கோயில் ஒலிபெருக்கிக்கும் எத்தனை மணித்தியாலத்தில் வரும்?

இவற்றைக் கேட்க இரசாயனவியல் பட்டம் தேவையில்லை. ஆனால் கொஞ்சம் பரப்பிழுவை தெரிந்திருக்க வேண்டும். "மருந்து தெளித்தாயிற்று, எண்ணெய் கரைந்துவிட்டது" என்று யாரும் சொன்னால், கரைந்ததா, இல்லை கீழே இறங்கியதா என்று திருப்பிக் கேட்கும் அளவுக்காவது. அதற்காகத்தான் மிளகுத்தூளில் தொடங்கினோம்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து மாமாவிடம் வாசித்துக் காட்டினோம். பீங்கானில் மிளகுத்தூளையும் செய்து காட்டினோம். தூள் ஓடியதும் சிரித்தார். பிறகு கையால் பீங்கானை ஒரு தடவை அலம்பினார். ஓடி ஒதுங்கிய தூள் மறுபடி நடுவுக்கு வந்தது.

"கடல் சும்மா நிக்காது மனே," என்றார். "அதையும் எழுதுங்க."

எழுதிவிட்டோம் மாமா.